மாஸ்க் கசிகிறதா, உறுத்துகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உறக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தும் சி-பாப், பை-பாப் கருவிகளோடு வீட்டில் உறங்குபவர்கள், அவர்களுக்கு மாஸ்க் மாட்டிவிடும் குடும்பத்தார், வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், இவர்களோடு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் புதிய மாஸ்க் ஒன்றைச் செய்து பார்க்க முனையும் பொறியியல் மாணவர்கள், பட்டறைக்காரர்கள் ஆகிய எல்லோருக்குமாக இந்த வழிமுறையை எழுதுகிறேன். நோயாளி சொல்லும் ஒவ்வொரு குறையும், மாஸ்க்கில் எந்த இடம் அசைந்து கொடுத்திருக்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் இன்றிரவே செய்யக்கூடியதை முதலிலும், அடுத்த மாஸ்க்கைச் செய்பவர் மாற்ற வேண்டியதை அதன் பின்னும் வைத்திருக்கிறேன். கருவியில் எவ்வளவு அழுத்தம் வைப்பது என்பது மருத்துவரின் முடிவு. அதை வீட்டில் யாரும் மாற்றக் கூடாது.

காலையில் தலைவலி, மந்தம், குழப்பம்

எழும்போதே தலை பாரமாக வலிக்கிறது, பகலில் வழக்கத்தைவிட அதிகமாகக் கண் சொருகுகிறது, பேச்சில் தடுமாற்றம் தெரிகிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, விடும் மூச்சு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒற்றைக் குழாயில் இயங்கும் வீட்டுக் கருவிகளில் நோயாளி விடும் கரியமிலவாயு மாஸ்க்கிலோ, அதைக் குழாயோடு இணைக்கும் வளைந்த பாகமான எல்போவிலோ உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தத் துளைகளில் சோப்புக் கசடு அடைத்திருந்தாலும், ‘காற்று வீணாகிறது’ என்று எண்ணி யாரேனும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாலும், விட்ட மூச்சையே நோயாளி மறுபடி இழுத்துக்கொண்டிருப்பார்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரட்டைக் குழாய் வென்டிலேட்டரோடு பயன்படும் மாஸ்க்கில் வெளிமூச்சுத் துளையே இராது. மூச்சு வெளியேறும் வேலையை அங்கே வென்டிலேட்டரின் இரண்டாவது குழாய் பார்த்துக்கொள்ளும். வீடு திரும்பும்போது ‘நல்ல மாஸ்க், விலை கொடுத்து வாங்கியது’ என்று அதையே எடுத்து வந்து வீட்டு பை-பாப்பில் பொருத்திவிடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் துளையில்லாத மாஸ்க்கின் எல்போவை நீல நிறத்தில் செய்கின்றன. நிறத்தை மட்டும் நம்பிவிடாமல், கருவி ஓடும்போது மாஸ்க்கைச் சுற்றிப் புறங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். துளை இருக்கும் இடத்தில் காற்று சீராக அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் அந்த மாஸ்க்கை வீட்டுக் கருவியில் பயன்படுத்தக் கூடாது; குழப்பமோ அதிக மயக்கமோ இருந்தால் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மின்தடையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கருவி நின்றுவிட்டால் துளைகள் வழியாகப் போதிய காற்று வராது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க்கில் இதற்காகவே ஒரு சிறு தடுக்கு வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்தவுடன் அது தானே விழுந்து அறைக்காற்றை உள்ளே விடும். வாரம் ஒருமுறை கருவியை நிறுத்திவிட்டு அந்தத் தடுக்கு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூக்கு மாஸ்க்கில் பெரும்பாலும் இது இராது, ஏனெனில் வாய் திறந்திருக்கிறது. கரண்ட் போகும் ஊரில் மூக்கு மாஸ்க்கோடு வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உறங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

இறுக்குவதற்கு முன் ஒரு கணக்கு

கருவியின் அழுத்தத்தை நீரின் சென்டிமீட்டரில் சொல்கிறோம். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை ஒரு கிராம் என்பதால், மாஸ்க் மூடும் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்து அழுத்தத்தால் பெருக்கினால், முகத்திலிருந்து மாஸ்க்கைத் தள்ளும் விசை கிராமில் வந்துவிடும். 25 சதுர செ.மீ. மூடும் ஒரு மூக்கு மாஸ்க்கை 10 செ.மீ. அழுத்தம் 250 கிராம் விசையோடு தள்ளும். 75 சதுர செ.மீ. மூடும் முழு மாஸ்க்கை 15 செ.மீ. அழுத்தம் 1,125 கிராமோடு தள்ளும். பட்டைகள் இந்த விசையை ஈடுகட்டிவிட்டு, அதற்கு மேல் குஷன், அதாவது முகத்தில் படியும் சிலிகோன் விளிம்பு, தோலோடு ஒட்டியிருக்கும் அளவுக்குச் சிறிது மட்டும் இழுத்தால் போதும். ஒரே அழுத்தத்தில் பரப்பு மூன்று மடங்கானால் இழுவிசையும் மூன்று மடங்காகும் என்பதால், மூக்கு மாஸ்க் போதுமான ஒருவருக்கு முழு மாஸ்க்கைக் கொடுப்பது அவர் முகத்தில் தேவையற்ற சுமையை ஏற்றுவதாகும்.

குஷன் தோலோடு ஒட்ட எவ்வளவு வேண்டும்? உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைவிடத் தொடும் இடத்தின் அழுத்தம் சற்றே கூடுதலாக இருந்தால் காற்று வெளியேறாது. 15 செ.மீ. நீர் என்பது பாதரசக் கணக்கில் 11 மி.மீ. தான். 1930-ல் அமெரிக்க உடலியலாளர் யூஜின் லாண்டிஸ் விரல் நகத்தடியின் நுண்குழாய்களில் அளந்து சொன்ன இரத்த அழுத்தம், தமனிப் பக்கத்தில் சராசரியாக 32 மி.மீ., அதாவது நீரில் ஏறக்குறைய 43 செ.மீ. சுமை சுற்றிலும் சமமாகப் பரவினால் தோலின் இரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாமலேயே நல்ல மாஸ்க் ஒன்று பொருந்தி நிற்க முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது. புண் வருகிறது என்றால் சுமை எங்கோ ஓரிடத்தில் குவிகிறது என்று பொருள், பெரும்பாலும் மூக்குத்தண்டில்.

காற்று கசிகிறது

கசிவு என்றதும் எல்லோருடைய கையும் பட்டைக்குத்தான் போகிறது. ஆனால் இன்றைய குஷன்களில் பெரும்பாலானவை இரண்டு அடுக்கு கொண்டவை: உள்ளே தடித்த தாங்கு அடுக்கு, அதன் மேல் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சிலிகோன் உதடு. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் உள்ள தோல் தண்ணீரின் எடையாலேயே இறுக மூடிக்கொள்வதைப் போல, இந்த உதடும் உள்ளிருக்கும் காற்றால் உப்பித் தோலோடு தானே ஒட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. பட்டையை அளவுக்கு மீறி இழுத்தால் உதடு தாங்கு அடுக்கின் மேல் நசுங்கிச் சுருங்குகிறது. சுருக்கத்தின் வழியே காற்று ஓடுகிறது. கசிவு கூடியது கண்டு மேலும் இறுக்குகிறார்கள். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பகுதி பட்டையைத் தளர்த்தியதால் நின்றவையே.

செய்ய வேண்டிய முறை இது. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, பவுடர், முகக் கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. உறங்கும் நிலையிலேயே, உறங்கும் தலையணையிலேயே படுங்கள். உட்கார்ந்த நிலையில் சரியாக அமைந்த மாஸ்க், படுத்ததும் கன்னத்துத் தசை பின்னோக்கிச் சரிவதால் இடம் மாறிவிடும். நான்கு பட்டைகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டுக் கருவியை வழக்கமான அழுத்தத்தில் ஓடவிடுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, உதடு உப்பியதும் மெல்ல விடுங்கள். பிறகு கீழ்ப்பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் சிறிது இழுங்கள், அடுத்து மேல்பட்டைகள். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொண்டு மறுபக்கம் கசியும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும்.

இதற்குப் பிறகும் கசிந்தால், எந்த இடத்தில் என்று பாருங்கள். மூக்குத்தண்டின் இரு பக்கமும் கண்ணை நோக்கிக் கசிந்தால் மாஸ்க் பெரிதாக இருக்கிறது, அல்லது மேல்பக்கம் முகத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. நெற்றித்தாங்கி உள்ள மாஸ்க்காக இருந்தால் அதை ஒரு படி உள்ளே தள்ளிப் பாருங்கள். கன்னத்தில் கசிந்தால், பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு உறங்குகிறாரா என்று கேளுங்கள். பல் இல்லாத வாயில் கன்னம் குழிந்துவிடும். பல்செட்டோடு உறங்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும், முடியாதென்றால் கன்னத்தைத் தொடாத மூக்கு மாஸ்க்குக்கு மாற வேண்டும். மூக்குக்குக் கீழே கசிந்தால் பெரும்பாலும் மீசைதான். எங்கள் பக்கத்தில் மீசையை எடுக்கச் சொல்வது சிகிச்சையையே விட்டுவிடச் செய்வதற்குச் சமம் என்பதால், மூக்குத்துளையிலேயே பொருந்தும் சிறிய பில்லோ வகையை நான் முதலில் கொடுத்துப் பார்ப்பேன். அதன் விளிம்பு மீசையைத் தொடுவதே இல்லை.

பெண்களிடம் அதே பில்லோ வகை வேறொரு இடத்தில் தடுக்கும். மூக்குத்தியின் திருகாணி மூக்குத்துளையின் உட்புறம் நிற்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. பில்லோவின் கூம்பு உள்ளே போனதும் திருகாணியில் மோதி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் தோலும் கிழியும். இரு பக்கமும் மூக்குத்தி அணிந்தவர்களிடம் இது இரட்டிப்பாகும். கழற்றச் சொன்னால் சிலர் மனம் ஒப்ப மாட்டார்கள், அதைக் குறையாகவும் கொள்ளக் கூடாது. மூக்கிறகுக்கு வெளியே அமர்ந்து, கல் பதிந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போகும் மூக்கு மாஸ்க்கே இவர்களுக்கு ஏற்றது. வடிவமைப்பவர்கள் மாதிரித் தலையில் மூக்குத்தியையும் அதன் திருகாணியையும் வைத்தே சோதிக்க வேண்டும்.

கசிவின் அளவைக் கருவியின் திரையிலும் பார்க்கலாம். ரெஸ்மெட் கருவிகள் வெளிமூச்சுத் துளையின் ஓட்டத்தைக் கழித்துவிட்டு எஞ்சிய கசிவைக் காட்டுகின்றன. அங்கே நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லை. பிலிப்ஸ் கருவிகள் சிலவற்றில் இரண்டும் சேர்ந்த மொத்த ஓட்டம் தெரியும். ஆகவே ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

வடிவமைப்பவருக்கு இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி உதவும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் சிட்னியில் சி-பாப் சிகிச்சையைத் தொடங்கி, 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் 5 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்க கால மாஸ்க்குகள் ஒவ்வொருவருடைய மூக்குக்கும் தனித்தனியாக அச்செடுத்துச் செய்யப்பட்டு, இரவுதோறும் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்டப்பட்டன. ஆயத்த மாஸ்க் வந்ததும் பசைக்குப் பதில் பட்டை வந்தது. தனி அச்சுக்குப் பதில் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று அளவுகள் வந்தன. அளவு அட்டையில் நாம் பார்ப்பது மூக்கின் அகலத்தையும், மூக்குத்தண்டிலிருந்து கீழுதட்டுக்குக் கீழ் வரையுள்ள நீளத்தையும் மட்டுமே. மூக்குத்தண்டு எவ்வளவு எழும்பியிருக்கிறது, கன்னம் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பவற்றை அந்த அட்டை அளப்பதில்லை. ஆகவே இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் அசைவு மாஸ்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும்: மேல்பாகம் சாயும் ஒரு கீல், அல்லது மூக்குத்தண்டுப் பகுதியில் மட்டும் மடிந்து விரியும் துருத்தி மடிப்பு.

மூக்குத்தண்டில் சிவப்பு, கறுப்பு, புண்

மாஸ்க்கைக் கழற்றியதும் தடம் தெரிவது இயல்பு. அரை மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். விரலால் அழுத்திப் பார்த்து வெளுக்கிறதா என்று சோதிக்கும்படி பாடநூல்கள் சொல்கின்றன. நம்மவர்களின் கறுத்த தோலில் அந்த வெளுப்பு சரியாகத் தெரியாது, சிவப்பும் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருநீலமாக இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, அங்கே மட்டும் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு வார்டில் விளக்கைக் குறைத்திருக்கும்போது கண்ணை நம்பாமல் விரல் நுனியை நம்புங்கள். தொடர்ந்து பை-பாப்பில் இருப்பவருக்கு, மருத்துவர் அனுமதிக்கும் இடைவெளிகளில் மாஸ்க்கைச் சிறிது நேரம் அகற்றித் தோலைப் பார்த்தாக வேண்டும்.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் செய்வது எளிது. மேல்பட்டைகளைத் தளர்த்துங்கள், நெற்றித்தாங்கி இருந்தால் அதை வெளியே ஒரு படி தள்ளினால் மூக்குத்தண்டின் சுமை நெற்றிக்கு மாறும். மூக்குத்தண்டைத் தொடாத வேறொரு வடிவ மாஸ்க் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி அணியலாம். ஒரே இடத்தில் எப்போதும் சுமை விழாமல் இருப்பதே இதில் பெரும் பயன் தருவது. புண்ணுக்குப் போடும் ஜெல் வகையான மெல்லிய ஹைட்ரோகொலாய்டு ஒட்டுத்துணியை, தோல் உடைவதற்கு முன்பே, மூக்குத்தண்டின் வடிவத்துக்கு வெட்டி ஒட்டலாம். தடித்த பஞ்சை மடித்து வைக்காதீர்கள்: பஞ்சு அந்த இடத்தை இன்னும் மேடாக்கி அழுத்தத்தைக் கூட்டும், இரண்டு ஓரத்திலும் கசிவையும் உண்டாக்கும். தோல் ஏற்கெனவே உடைந்திருந்தால் அது மருத்துவரோ செவிலியரோ பார்க்க வேண்டிய புண்.

மாஸ்க் செய்பவர்கள் மூக்குத்தண்டை எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் மேல் விரித்த வெறும் தோலாகவே கருத வேண்டும். அங்கே கொழுப்பு மெத்தை கிடையாது. கன்னத்தில் தாங்கும் சிலிகோன் தடிமனை அப்படியே மூக்குத்தண்டுக்கும் கொடுத்தால் சுமை முழுவதும் அங்கே போய் நிற்கும். ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 30 முதல் 50 வரையிலான சிலிகோனில், மூக்குத்தண்டுப் பகுதியின் தாங்கு அடுக்கை மெலிதாக்கியோ முற்றிலும் விட்டுவிட்டோ உதட்டை மட்டும் நீட்டலாம். பட்டை இழுக்கும் கோடு எங்கே போகிறது என்பதையும் வரைந்து பார்க்க வேண்டும். மேல்பட்டை நெற்றியைத் தாண்டி நேராகப் பின்னால் இழுத்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பு முகத்துக்குள் சாயும். காதுக்கு மேலே பக்கவாட்டில் இழுத்தால் சுமை கன்ன எலும்புகளுக்குப் போகும். கன்ன எலும்பு எவ்வளவோ தாங்கும்.

கண் சிவந்து உறுத்துகிறது

இது கசிவின் ஒரு விளைவுதான் என்றாலும் தனியே சொல்லக் காரணம், அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் கண் சிவந்தவர்கள் நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுவார்கள், மாஸ்க்கைப் பற்றி அங்கே சொல்லத் தோன்றாது. இரவு முழுவதும் இமைக்குள் காற்று அடித்தால் கண்ணீர்ப்படலம் உலரும். போகும்போது மாஸ்க் அணிவதைச் சொல்லுங்கள். முடிந்தால் மாஸ்க்கையும் கையோடு கொண்டு போங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படாமல் கட்டிலை நகர்த்துவதும் உதவும்.

பட்டை வழுக்குகிறது, காது வலிக்கிறது, கொண்டை தடுக்கிறது

தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படுப்பவர்களிடம் பின்பட்டை இரவில் மேலே ஏறிக் கழன்றுவிடும். எண்ணெயைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அல்லது பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். நெற்றியில் திருநீறோ சந்தனமோ இருந்தால் நெற்றித்தாங்கி வழுக்கும், துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். பூவையும் ஹேர்பின்னையும் எடுத்துவிட வேண்டும். பின்னின் முனை பட்டையின் நுரைக்குள் குத்தி நூலிழையை அறுத்துவிடுகிறது. கொண்டையைப் பிடரியிலிருந்து அவிழ்த்து, பக்கவாட்டில் தளர்ந்த சடையாகப் போட்டுக்கொண்டால் பின்பட்டை தலையோடு படியும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டிக்குத் தண்டட்டி அணிந்து நீண்ட காதுமடல். கீழ்ப்பட்டை அந்த மடலை மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது; மடிப்பின் உட்புறம் தோல் ஈரமாகி வெளிறிப் போயிருந்தது. “அப்பத்தா, வலிக்குதா?” என்று பேரன் கேட்டதற்கு, “வலி கெடக்கட்டும்ப்பா, காத்து கண்ணுல அடிக்காம இருந்தாச் சரி” என்றார். கண்ணில் அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்களே கீழ்ப்பட்டையை அவ்வளவு இறுக்கியிருந்தார்கள். கசிவோ மேலே இருந்தது. தண்டட்டியைக் கழற்றி, மடலைப் பட்டைக்கு வெளியே எடுத்துவிட்டு, கீழ்ப்பட்டையைப் பிடரியில் இரண்டு விரற்கடை தாழ்த்தித் தளர்த்தினோம். மாஸ்க்கின் மேல்பாகம் தானாகவே மூக்குத்தண்டில் அமர்ந்தது. கீழே இழுத்த இழுப்புதான் மேலே தூக்கியிருந்தது.

கீழ்ப்பட்டையை இறுக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. முழு மாஸ்க்கின் கீழ்ப்பாகம் தாடையைப் பின்னோக்கித் தள்ளினால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னே போகும். எந்தத் தொண்டை அடைப்பை நீக்கச் சிகிச்சை தரப்படுகிறதோ அதே அடைப்பு கூடும். தானாக அழுத்தத்தை மாற்றும் கருவியாக இருந்தால் அது அழுத்தத்தை ஏற்றும், அழுத்தம் ஏறினால் கசிவு கூடும்.

வடிவமைப்பில் நான் வற்புறுத்திச் சொல்வது, ஒவ்வொரு பட்டையும் ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்பதே. மேலே கசிந்தால் எதைத் தொட வேண்டும், பக்கத்தில் கசிந்தால் எதைத் தொட வேண்டும் என்று நோயாளி இருட்டில் கைத்தடவலிலேயே அறிய வேண்டும். வெல்க்ரோ முனை எங்கும் ஒட்டிவிடும் என்பதால் நேற்று இருந்த நிலை இன்று தெரிவதில்லை. பட்டையில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு முடிச்சுகளோ தையல் மேடுகளோ இருந்தால் ‘மூன்றாவது மேட்டில் மாட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்ப முடியும். அமைத்த அளவைக் கலைக்காமல் கழற்றி மாட்ட ஒரு கொக்கி கட்டாயம் வேண்டும். காந்தக் கொக்கி முதியவர்களின் நடுங்கும் கைக்கு மிக எளிது. ஆனால் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் வைத்த உலோகக் கிளிப், கண்ணில் தெறித்த இரும்புத் துணுக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அருகில் படுக்கும் துணைவருக்கு அவை இருந்தாலும் காந்தம் கூடாது. லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்களிடம் கண்ணில் எப்போதாவது துணுக்கு விழுந்ததுண்டா என்று கேட்காமல் காந்தக் கொக்கி மாஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

வாய் உலர்கிறது

மூக்கு மாஸ்க் அணிந்தவர் வாயைத் திறந்து உறங்கினால் மூக்கில் போன காற்று வாய் வழியே ஓடிவிடும். முதலில் மூக்கடைப்பு உண்டா என்று பாருங்கள். மூக்கு அடைத்தவர் வாயைத் திறந்தே தீருவார். கருவியில் ஈரப்பதத்தைக் கூட்டுவதும், மருத்துவர் சொன்னால் உப்புநீர்ச் சொட்டும் பலருக்குப் போதும். அதன் பிறகே தாடைப்பட்டை. கடைசியாக முழு மாஸ்க். ஈரப்பதக் கலத்தில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்புப் படிந்து கலத்தின் அடித்தட்டை வெள்ளையாக்கிவிடும். கேன் தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும்.

குழாயில் தண்ணீர் தேங்கி முகத்தில் தெறிக்கிறது

பெரும்பாலும் ஏ.சி. அறையில்தான் இது நிகழும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகிறது. ஏ.சி.யின் வெப்பநிலையை ஏற்றுங்கள் அல்லது ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். குழாய்க்குத் துணி உறை தைத்துப் போடுங்கள். கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

வியர்வை, குஷன் மஞ்சளாதல், பிசுபிசுப்பு

சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, ஏ.சி. இல்லாத வீட்டில் குஷனுக்கும் தோலுக்கும் இடையில் வியர்வை நின்று மாஸ்க் சறுக்கும், தோல் ஊறி எளிதில் உரியும். படுக்கும் முன் ஒருமுறையும் நடுவில் விழிப்பு வந்தால் ஒருமுறையும் முகத்தையும் குஷனையும் துடையுங்கள். சிலிகோன் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். தேங்காயெண்ணெய், முகக்கிரீம், நம் தோலின் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதை மஞ்சளாக்கி, உப்பவைத்து, தளர்த்திவிடும். தளர்ந்த உதடு சரியாக உப்பாது. தினமும் காலையில் மிதமான சோப்பு நீரில் குஷனைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைப்பதால் பட்டையின் நுரையும் ரப்பர் இழையும் விரைவில் நைந்துபோகும். டெட்டால், சானிடைசர், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். மாஸ்க்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சட்டத்தில் இவற்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும்.

பட்டைக்கு நுரை தேர்ந்தெடுப்பவர்கள் பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதீனைத் தவிர்த்துப் பாலிஈதர் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் வகை வெப்பத்திலும் ஈரத்திலும் நீரால் சிதைந்து தூளாகும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சுவாசக் கருவிகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே கருவிக்குள் இருந்த அந்த வகை நுரைதான்.

மூச்சு முட்டுவது போன்ற அச்சம்

பகலில், அழுத்தம் இல்லாமல், மாஸ்க்கைக் கையில் பிடித்து முகத்தில் வைத்து எடுக்கப் பழகுவதிலிருந்து தொடங்குங்கள். பிறகு பட்டையோடு, பிறகு டிவி பார்த்தபடி, மருத்துவர் வைத்துக் கொடுக்கும் குறைந்த அழுத்தத்தோடு. நோயாளியே ஒரு கையால் கழற்ற முடிகிறது என்பதை அவருக்குக் காட்டிவிட்டால் அச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். குழாயை மூக்குக்கு முன்னால் தொங்கவிடாமல் தலையுச்சியில் இணைக்கும் வடிவங்கள் கண்பார்வையை மறைப்பதில்லை. இலவம்பஞ்சை இறுக அடைத்த தலையணையில் ஒருக்களித்துப் படுப்பவருக்கும் குழாய் இழுபடாது.

பட்டறையில் எழும் குறைகள்

சிலிகோன் இறுகாமல் பிசினாகவே நிற்கிறது என்பது இங்கே மாதிரி செய்பவர்கள் முதலில் சொல்லும் புகார். மதுரை ரப்பர் வேலைக்குப் பழகிய ஊர். கப்பலூரிலும் மேலூர்ச் சாலையிலும் நல்ல வார்ப்புக் கைகள் உண்டு. ஆனால் வண்டி ரப்பருக்குக் கந்தகம் சேர்ப்பார்கள். பிளாட்டினத்தால் இறுகும் மருத்துவச் சிலிகோனைக் கந்தகத்தின் சுவடுகூட இறுகவிடாது. கந்தகம் பட்ட அச்சு, லேடெக்ஸ் கையுறை, சரியாக உலராத முப்பரிமாண அச்சுப் பிசின் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். தனி அச்சு, நைட்ரைல் கையுறை, தனி மேசை இவற்றால் குறை நீங்கும். இறுகிய பின்பும் வழக்கமாக 200 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சூளையில் வைத்து ஆவியாகும் எச்சங்களைப் போக்க வேண்டும்.

அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு குஷனின் உதட்டில் விழுந்தால் அங்கே மெல்லிய பிசிறு நிற்கும், கசியும், தோலையும் கீறும். அந்தக் கோட்டைத் தோலைத் தொடாத வெளி விளிம்புக்குத் தள்ளி அச்சை வெட்ட வேண்டும். மாதிரித் தலையில் கசியாத மாஸ்க் மனிதர் முகத்தில் கசிகிறது என்றால், மாதிரித் தலை கெட்டியானது, நிமிர்ந்து நிற்பது. மென்மையான மேற்பூச்சு கொடுத்து, படுக்கவைத்து, பக்கவாட்டில் தலையணை அழுத்தும் நிலையில் சோதியுங்கள். குழாய் இணைப்பை 22 மி.மீ. தரத்திலேயே வையுங்கள், எந்தக் கருவியோடும் சேரும். ஐ.எஸ்.ஓ. 17510 இத்தகைய மாஸ்க்குகளுக்கான தரநிலை. விட்ட மூச்சு உள்ளே தங்கும் அளவு, அழுத்தம் நின்றால் மூச்சுக்கு வழி, துளைகளின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் சோதனைகளை அது வகுத்திருக்கிறது. தோலில் படும் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 10993, காற்று செல்லும் வழிக்கு ஐ.எஸ்.ஓ. 18562.

அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவாக 1992-ல் தொடங்கப்பட்ட ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே இந்த ஊரில் செய்து காட்டியிருக்கிறது என்பதால், நம் முகங்களுக்கு ஏற்ற மாஸ்க்கும் இங்கே வர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்காக அவசரப்பட்டு வீட்டிலோ வார்டிலோ நோயாளிக்கு மாட்டிப் பார்க்கக் கூடாது. மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்படி சோதனைக்காகச் சிறிய அளவில் செய்வதற்கும் உரிமம் வேண்டும். நோயாளிகளிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி பெற்று நடத்தும் சோதனையில் கசிவின் அளவோடு, இரவில் எந்தப் பட்டை தொடப்பட்டது, நோயாளி தொட்டாரா, உடனிருந்தவர் தொட்டாரா, இறுக்கினார்களா தளர்த்தினார்களா என்பதையும் காலையில் கேட்டு எழுதி வையுங்கள். குஷனில் அடுத்து எந்த இடத்தை மாற்ற வேண்டும் என்பது அந்தப் பதிவிலிருந்துதான் தெரியவரும்.